ஒரே குத்தில் பத்தடி தூரம்

நாயகன் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். அடியாள் பத்தடி தூரம் பறந்துபோய்க் காய்கறி வண்டிமேல் விழுகிறார். நூறு படங்களில் பார்த்துவிட்டோம். ஒருமுறை கணக்குப் போட்டும் பார்த்துவிடுவோமே!

70 கிலோ ஆள் பத்தடி பறக்க வேண்டுமானால், கிளம்பும்போதே நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். தேர்ந்த குத்துச்சண்டை வீரரின் அடிகூட அந்த ஆளுக்கு நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான் வேகம் தரும். சாதாரணமாக நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. சரி, துப்பாக்கி? 8 கிராம் தோட்டா நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் பாய்ந்து உடலிலேயே தங்கிவிட்டாலும், அதன் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கிவரும் அளவு, ஆளை நொடிக்கு 4 சென்டிமீட்டர்தான் நகர்த்தும். எறும்பு ஊரும் வேகம் அது! போதாக்குறைக்கு நியூட்டனின் மூன்றாம் விதி வேறு இருக்கிறது. அடியாளைத் தூக்கி எறியும் அதே விசை நாயகனையும் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். திரையில் அவரோ ஓரடிகூட அசைவதில்லை.

அப்படியானால் அந்தப் பலம் எங்கே இருக்கிறது? அடி வாங்குபவரின் சட்டைக்குள். இடுப்பையும் தொடையையும் இறுக்கிப் பிடிக்கும் வார்க்கவசம் ஒன்றை உள்ளே கட்டியிருப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் கம்பி, கிரேனில் தொங்கும் கப்பி வழியாக மறுமுனைக்குப் போகும். ஸ்டண்ட் மாஸ்டர் குரல் கொடுத்ததும் அங்கே நிற்பவர்கள் ஒரே மூச்சில் இழுப்பார்கள். படப்பிடிப்புத் தளத்தில் இதற்குப் பெயர் ‘ரோப்’. பிறகு அந்தக் கம்பியைக் கணினியில் அழிக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் என்றால், மூன்று நொடிப் பறத்தலுக்கு 72 சட்டகங்களில் அழித்து, பின்னணியை மீண்டும் நிரப்ப வேண்டும்.

முகத்தில் விழும் குத்து பெரும்பாலும் முகத்தைத் தொடுவதே இல்லை. முஷ்டிக்கும் தாடைக்கும் இடையே சில அங்குல இடைவெளி இருக்கும். கேமரா முஷ்டியையும் முகத்தையும் ஒரே கோட்டில் பார்ப்பதால் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. கை தாண்டும் அந்தக் கணத்தில் ஸ்டண்ட் கலைஞர் தலையை வெட்டித் திருப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பொய் தெரிந்துவிடும். மிச்சத்தை ஒலி பார்த்துக்கொள்ளும். நிஜக் குத்தின் சத்தம் மந்தமானது. நாம் கேட்கும் ‘டிஷ்யூம்’ ஒலிக்கூடத்தில் பிறந்தது. எலும்பு முறியும் சத்தத்துக்கு செலரித் தண்டை முறுக்கி உடைப்பது உலகெங்கும் ஒலிக் கலைஞர்களின் பழைய உத்தி.

நாயகனின் வெல்லமுடியாமையை உண்மையில் உருவாக்குபவர், அழகாகத் தோற்கத் தெரிந்த அந்த மனிதர்தான். அங்கீகாரம் மட்டும் அவருடைய துறைக்கு மிகவும் தாமதமாகத்தான் வந்தது. சண்டைப் பயிற்சிக்கான முதல் தேசிய விருது 2017இல்தான் அறிவிக்கப்பட்டது. ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். ஆஸ்கர் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்குவதாக 2025இல்தான் அறிவித்தது.

எல்லாம் ஏற்பாடு என்று தெரிந்தும் நாம் ஏன் விசிலடிக்கிறோம்? விடையின் ஒரு பகுதி நம் உடம்பில் இருக்கிறது. டால்ஃப் ஸில்மான் என்ற உளவியலாளர் 1971இல் ‘கிளர்ச்சிக் கடத்தல்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஓர் உணர்ச்சியால் எழுந்த உடற்பரபரப்பு அடங்குவதற்குள் அடுத்த உணர்ச்சி வந்தால், பழைய பரபரப்பும் புதியதோடு சேர்ந்துகொள்ளும் என்பது அதன் சாரம். பயம் ஒரு நொடியில் மகிழ்ச்சியாக மாறிவிடலாம். ஆனால் படபடக்கும் இதயம் அவ்வளவு வேகமாக அடங்காது. மிஞ்சிய படபடப்பையெல்லாம் மனம் மகிழ்ச்சியின் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

‘பாட்ஷா’வில் (1995) ஆட்டோக்காரர் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு, திருப்பி அடிக்காமல் ரத்தம் சொட்ட நிற்பது இதனால்தான் அவ்வளவு வேலை செய்கிறது. அங்கே நமக்குள் கோபமும் பதற்றமும் ஏறுகின்றன. தங்கைக்கு ஆபத்து வரும்போது அவர் கை ஓங்குகிறார். தேக்கி வைத்ததெல்லாம் ஆரவாரமாக வெடிக்கிறது. அந்த முதல் அடிகளை வெட்டி எடுத்துவிட்டால், பின்னால் வரும் சண்டை வெறும் உடற்பயிற்சியாகிவிடும். வாய்பாடு என்று நாம் அலுத்துக்கொள்ளும் வரிசை, உண்மையில் நம் ரத்த ஓட்டத்துக்குப் போட்ட அட்டவணை. பெரிய சண்டை முடிந்த கையோடு ஒரு பாட்டையோ காமெடியையோ வைக்கும் நம் இயக்குநர்களின் பழைய வழக்கத்துக்கும் இதே கருத்து பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை மிச்சம் வைத்த படபடப்பு அடங்கும் முன்பே அடுத்த காட்சி அதை வாங்கிக்கொள்கிறது.