பொதுநிதியைக் காப்போரும் தந்நலமும்

பொதுநிதி என்பது குடிகள் இறுத்த வரியின் திரட்சியாகும். அதனைச் செலவிடுவார் ஒருவர், செலவிட்ட முறையை ஆராய்வார் மற்றொருவர் என வகுத்துக்கொண்டமை மக்களாட்சியின் அடிப்படை அறங்களுள் ஒன்று. ஆராய வந்தவரே அச்செலவினாற் பயன்பெறுவாராயின், அல்லது பயன்பெறுவார்க்கு உறவினராயின், அவ்வாராய்ச்சி யாது பயன் தரும்? ஒருவருடைய பொதுக்கடமையும் தனிநலமும் ஒரே பொருளின்கண் எதிரெதிர் நிற்கும் இந்நிலையே நலமுரண்பாடு எனப்படும்.

நலமுரண்பாடும் ஊழலும் ஒன்றல்ல. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை எண்ணிப் பார்ப்பின் இவ்வேறுபாடு புலனாகும். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய இத்தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணக்கல்லையும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணையும் கொண்டு இயங்கியது; 1990ஆம் ஆண்டிற் போர்ச்சூழலால் மூடப்பட்டது. இத்தகைய அரச நிறுவனம் ஒன்றன் கணக்கை ஆராயும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தமையனார் அந்நிறுவனத்துக்கே லொறிகளை வாடகைக்கு விடுபவர் என வைத்துக்கொள்வோம். களவு யாதும் நிகழாதிருக்கலாம். ஆயினும், வாடகை மிகையோ என்னும் வினா பிறக்குமிடத்து அவ்வுறுப்பினரின் நா எழாது. எழுந்தாலும் கேட்போர் நம்பார். குற்றம் நிகழ்ந்தபின் தொடுப்பது ஊழல் வழக்கு. குற்றம் நுழையத்தக்க வாயிலை முன்னரே அடைப்பது நலமுரண்பாட்டு விதி.

இவ்வெண்ணம் மேனாட்டாரிடமிருந்து நாம் இரவல் பெற்றதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தெரியும் முறையை விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் தெரிவுசெய்யப்படுதலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அத்தடை அவரோடு நில்லாது அவர்தம் நெருங்கிய உறவினர்மேலும் சென்றது. முன்னைய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தவரும் விலக்கப்பட்டனர். உறவின் பிடி கணக்கைத் திரிக்கும் என்பதை அக்காலத்து ஊரவர் நன்கறிந்திருந்தனர்.

இந்தியா விடுதலை பெற்றபின் அதன் நிதியமைச்சர் பதவியை வகித்த தமிழர் இருவரின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. முதலாமவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், ஆலைத்தொழிற் குடும்பத்திற் பிறந்தவர். வருமான வரியை மறைத்தோரை விசாரிக்கும் ஆணைக்குழுவின் பட்டியலிலிருந்து கோயம்புத்தூர் ஆலையதிபர் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டமை பற்றி வினா எழுந்தபோது, அவர் 1948ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பதவி துறந்தார். அவர் பொருள் பெற்றார் என்பதன்று அங்கு எழுந்த வினா; தம் ஊரார், தம் தொழிலினர் ஆகியோரின் வழக்குகள் தம் அமைச்சின் கீழே நீங்கியமையே வினாவாயிற்று.

இரண்டாமவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசுடைமையான ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1957ஆம் ஆண்டில் முந்திரா என்னும் வணிகரின் கம்பெனிப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகாற் கோடி உரூபாவுக்கு வாங்கிற்று. கூட்டுத்தாபனத்தின் முதலீட்டுக் குழுவின் ஆலோசனை முன்னதாகப் பெறப்படவில்லை. இதனைப் பாராளுமன்றத்தில் வெளிக்கொணர்ந்தவர் பெரோசு காந்தி. அவர் ஆளுங்கட்சியினர், பிரதமர் நேருவின் மருமகன். கட்சியும் உறவும் அவர் நாவைக் கட்டவில்லை. நீதியரசர் சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நிகழ்த்தி, அலுவலரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பாவார் என முடிவுகூறினார். 1958ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமைச்சர் விலகினார்.

இலங்கையில், அரசுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் ஒப்பந்தத்திற் பயன்கொள்பவர் பாராளுமன்ற உறுப்பினராதற்குத் தகுதியற்றவர் எனச் சோல்பரி அரசியலமைப்பு நேரே விதித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ, எத்தகைய ஒப்பந்த நலன் தகுதியைக் கெடுக்கும் என்பதைப் பாராளுமன்றமே சட்டத்தால் வகுக்குமாறு விட்டது. அரசக் கூட்டுத்தாபனங்களை ஆராய்தற்கெனக் கோப் என வழங்கும் குழு 1979ஆம் ஆண்டில் அமைந்தது. 2015ஆம் ஆண்டுத் திறைசேரிப் பிணைமுறி விற்பனையில், மத்திய வங்கி ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனம் பெரும்பயன் அடைந்தமை வினாவாயிற்று. அதனை ஆராய்ந்த கோப் குழு 2016ஆம் ஆண்டில் அறிக்கை தந்தபோது, ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் அதனுள் அடிக்குறிப்புக்களைச் சேர்த்தனர். கட்சிப்பற்றும் ஒருவகை நலனே என்பதற்கு அது சான்று.

இக்குறையை நீக்குதற்கே கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சியினர்க்கு அளிக்கும் மரபு தோன்றியது. பிரித்தானியாவில் 1861ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பொதுக் கணக்குக் குழுவில் அது நிலைத்தது. இந்தியாவில் 1967 முதற் கைக்கொள்ளப்பட்டது. இலங்கையில் 2015ஆம் ஆண்டிற் தெரிவான பாராளுமன்றத்தின் பொதுநிதிக் குழுவுக்கு யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தலைமை தாங்கினார்.

ஆயினும் எதிர்க்கட்சியினர்க்கும் தொழிலுண்டு, உறவுண்டு. எனவே தலைமை எவரிடமிருப்பினும் மூன்று கடன்கள் இன்றியமையாதன. தம் சொத்தையும் தொடர்பையும் முன்னரே வெளிப்படுத்தல் ஒன்று; தமக்குத் தொடர்புள்ள பொருள் ஆராயப்படும்போது அவையை விட்டு நீங்கல் ஒன்று; அங்ஙனம் நீங்கியதைக் கூட்டக் குறிப்பிற் பதிவுசெய்தல் ஒன்று. இம்மூன்றும் நேர்மையாளரை ஐயத்தினின்றும் காக்கும். நேர்மையில்லாரை மறைவிடத்தினின்றும் வெளிக்கொணரும்.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பயணிகள் கப்பல் ஓடத்தொடங்கியது. துறைமுகத்தைச் சீரமைத்தற்கு இந்தியா நிதியுதவி வழங்க உடன்பட்டது. பொதுப்பணம் புகுமிடத்து ஒப்பந்தங்களும் உடன்புகும். அவற்றை எழுதுவோர், நிறைவேற்றுவோர், கணக்காய்வோர் ஆகியோருள் இற்றை மாணவர் பலர் நாளை இருப்பர். தம்முன் வைக்கப்பட்ட கணக்கிலே தமக்குரியார் பெயரைக் காணும் நாள் அவர்க்கும் வரக்கூடும். அன்று இருக்கையினின்றும் எழுந்து வெளியே செல்லும் துணிவையும் கல்வி தருதல் வேண்டும்.