அச்சகத்தில் மிச்சமாவது எது?

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைச் சற்றுப் பாருங்கள். மேலே ஒரு முருகன் படமோ, இயற்கைக் காட்சியோ இருக்கும். அதன் அடியில் ஒரு மளிகைக் கடையின் பெயரோ, நகைக் கடையின் பெயரோ அச்சிடப்பட்டிருக்கும். நாள்தோறும் நாம் கிழிக்கிற தாள் பல ஊர்களுக்கும் பொதுவானது, பெருந்தொகையாக அச்சாவது. மேலே உள்ள படமும் பல கடைகளுக்குப் பொதுவானதுதான். ஆனால் அந்தக் கடைப் பெயர் மட்டும் அந்தக் கடைக்கே உரியது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் உள்ள ஒரு சிறு கடைக்காரருக்கு முந்நூறு நாட்காட்டி போதும். முந்நூற்று ஒன்றாவது நாட்காட்டி அவருக்கு வீண்.

இந்த நாட்காட்டிகளில் பெரும்பாலானவை சிவகாசியிலிருந்து வருகின்றன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமல்லவா? அந்தத் தேவையை ஒட்டி அங்கே அச்சுத் தொழிலும் வேரூன்றியது. இன்று ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்களை அங்கே வெளியிடுகிறார்கள். அன்றிலிருந்து ஆண்டு முடியும்வரை ஏராளமான சிறு ஆர்டர்கள் வந்து குவியும். ஒவ்வொன்றிலும் பெயர் வேறு, ஊர் வேறு, எண்ணிக்கை வேறு.

இத்தனை சிறு வேலைகளையும் கட்டுப்படியாகும் விலையில் எப்படி முடிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அச்சகத்துக்குள் தானியங்கி முறைகள் நுழைந்தன. அவை எதை மிச்சப்படுத்துகின்றன, எதை மிச்சப்படுத்துவதில்லை என்பதை இனிப் பார்ப்போம்.

ஓர் எளிய கணக்கு

அச்சகத்தின் செலவு இரண்டு வகைப்படும். ஒரு பிரதி அச்சிட்டாலும் ஒரு லட்சம் பிரதி அச்சிட்டாலும் மாறாத செலவு முதல் வகை. எழுத்தை அமைப்பது, பிளேட் தயாரிப்பது, இயந்திரத்தைச் சரிசெய்வது ஆகியவை இதில் அடங்கும். இதை ஆயத்தச் செலவு என்போம். பிரதிக்குப் பிரதி ஏறிக்கொண்டே போகும் தாள், மை முதலியவற்றின் செலவு இரண்டாம் வகை.

கணக்கு எளிதாக இருப்பதற்காக ஆயத்தச் செலவு 6,000 ரூபாய் என்றும், பிரதிக்கு ஆகும் செலவு 2 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 30,000 பிரதி அச்சிட்டால் ஆயத்தச் செலவில் ஒரு பிரதியின் பங்கு 20 காசுதான். ஆகவே ஒரு பிரதியின் அடக்க விலை 2 ரூபாய் 20 காசு. 300 பிரதி மட்டும் அச்சிட்டால்? ஆயத்தச் செலவின் பங்கு 20 ரூபாய். அடக்க விலை 22 ரூபாய். அதே தாள், அதே மை, அதே இயந்திரம். விலை மட்டும் பத்து மடங்கு!

இப்போது ஏதோ ஒரு வழியில் ஆயத்தச் செலவைப் பாதியாக, அதாவது 3,000 ரூபாயாகக் குறைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். 30,000 பிரதிக்காரருக்கு அடக்க விலை 2 ரூபாய் 20 காசிலிருந்து 2 ரூபாய் 10 காசாக இறங்கும். அவர் அதைப் பெரிதாகக் கவனிக்கவும் மாட்டார். 300 பிரதிக்காரருக்கோ 22 ரூபாய் 12 ரூபாயாகிவிடும்! இருவருக்கும் மிச்சமான மொத்தத் தொகை அதே 3,000 ரூபாய்தான். ஆனால் பயனை நன்றாக உணர்பவர் சிறிய வேலைக்காரர்.

கணிதப் பாடத்தில் எதிர் மாறல் படித்திருப்பீர்கள். இதுவும் அதுவே. பிரதிகளின் எண்ணிக்கையை x அச்சிலும், ஒரு பிரதியின் விலையை y அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். இடது பக்கம் செங்குத்தாக இறங்கி, வலது பக்கம் படுத்துவிடும் வளைவு கிடைக்கும். தானியங்கி முறைகள் விளையாடுவது அந்தச் செங்குத்தான இடத்தில்தான்.

ஈய எழுத்துகளின் காலம்

இந்த ஆயத்தச் செலவு எங்கிருந்து வருகிறது? புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் இங்கே ஸ்ரீ பிரகதாம்பா ஸ்டேட் பிரஸ் என்ற அரசு அச்சகம் இருந்தது. புதுக்கோட்டைப் பகுதியின் கல்வெட்டுகளைத் தொகுத்துச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அடங்கிய பெருநூல் அது. அந்தக் காலத்து அச்சுக் கோப்பவர் அத்தகைய நூலை எப்படி அமைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவருக்கு முன்னால் சிறு சிறு அறைகளாகப் பிரித்த மரப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எழுத்து. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் வார்த்தவை அவை. ஈயம் மட்டும் என்றால் குளிரும்போது சுருங்கும், எளிதில் நசுங்கும். ஆன்டிமனி சேர்ந்தால் சுருக்கம் மிகவும் குறைகிறது, கடினமும் கூடுகிறது. எழுத்தின் முனை மழுங்காமல் நிற்பதற்கு இதுவே காரணம். கோப்பவர் ஓர் எழுத்தை எடுப்பார், வைப்பார். அடுத்ததை எடுப்பார், வைப்பார். அச்சிட்டு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. எல்லா எழுத்துகளையும் பிரித்து மறுபடியும் அந்தந்த அறையில் போட வேண்டும்!

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள்; பெரியவையும் சிறியவையும் சேர்த்தால் 52. தமிழுக்கோ 247. உயிர்மெய் எழுத்துகள் பலவற்றுக்குத் தனித்தனி வார்ப்பு வேண்டும். எனவேதான் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அச்சகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களில், ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் புதிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. இன்று நீங்கள் எழுதும் ‘லை’ அப்படி வந்ததுதான். தனி வார்ப்பு ஒன்று குறைந்தால் பெட்டியில் ஓர் அறை குறைகிறது. கை நீள்வதும் குறைகிறது.

எண்ணெயும் நீரும்

ஈய எழுத்துக்குப் பின் பரவிய ஆப்செட் முறையில் மேடு பள்ளமே கிடையாது. தட்டையான அலுமினியப் பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையை ஏற்கும். மற்ற இடம் நீரை ஏற்று மையை விலக்கும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்று சமையலறையில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கொள்கைதான். பிளேட்டிலிருந்து மை ஒரு ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்து தாளுக்கு வரும்.

இதிலும் ஆயத்த வேலை நிறையவே இருந்தது. கணினியில் அமைத்த பக்கத்தைப் பிலிமாக எடுக்க வேண்டும்; பிலிம்களை வெட்டிச் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும்; ஒளி காட்டிப் பிளேட்டாக்க வேண்டும். வண்ணப் படம் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகள். நான்கும் ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தும்வரை ஓட்டிய தாளெல்லாம் குப்பைக்குப் போகும்.

லேசர் எழுதும் பிளேட்

1990களின் நடுவில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. கணினியிலிருந்து நேரடியாகப் பிளேட்டுக்கு எழுதும் முறை பரவத் தொடங்கியது. சி.டி.பி. என்று அச்சகங்களில் சொல்வது இதைத்தான். இதில் பிலிமே தேவையில்லை. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் 830 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், பிளேட்டின் பூச்சைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்குகிறது. ஓர் அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் என்றால், அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர். கையால் ஒட்டிப் பொருத்திய காலத்தில் இந்தத் துல்லியத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

அடுத்தது மை. ஆப்செட் இயந்திரத்தின் அகலம் முழுவதும், சுமார் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மைத் திருகுகள் இருக்கும். 28 அங்குல அகலமுள்ள நான்கு வண்ண இயந்திரத்தில் இவை 90 அளவுக்கு வரும். படத்தில் வானம் இருக்கும் பகுதிக்கு நீல மை அதிகம் வேண்டும். வெற்றிடமான பகுதிக்கு வேண்டாம். தேர்ந்த இயந்திரக்காரர் தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு திருகாகத் திருப்புவார். ஆனால் எந்தப் பகுதியில் எவ்வளவு மை வேண்டும் என்பது பிளேட்டை எழுதிய கணினிக்கு முன்பே தெரியும் அல்லவா? அந்தச் செய்தியை அது அச்சு இயந்திரத்துக்கே சொல்லிவிட்டால் திருகுகள் தாமாகவே திரும்பி நிற்கும். இதற்கான பொதுவான செய்தி வடிவம் 1995 அளவில் உருவாயிற்று. ஆர்டர் விவரம், தாளின் அளவு, மடிப்பு, வெட்டு முதலிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் ஜே.டி.எப். என்ற வடிவம் 2000ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று.

அச்சான மையின் அளவைக் கண்ணால் அல்லாமல் கருவியால் அளக்கலாம். தாளின்மேல் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். பத்தில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 1; நூற்றில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 2. மடக்கை படித்தவர்களுக்கு இது உடனே புரியும். அளவு குறைந்தால் கருவியே திருகைத் திருப்பும் இயந்திரங்களும் உண்டு.

இவ்வாறு ஒவ்வொரு படியிலும் குறைவது ஆயத்தச் செலவுதான். பிலிம் இல்லை, வீணாகும் தாள் குறைவு, காத்திருக்கும் நேரம் குறைவு. ஒரு நாளைக்கு ஒரே பெரிய வேலையைச் செய்யும் அச்சகத்துக்கு இதனால் ஒருமுறைதான் லாபம். பத்துச் சிறு வேலைகளைச் செய்யும் அச்சகத்துக்குப் பத்து முறை லாபம்.

சிறிய ஊரில் இத்தனை விலையுயர்ந்த இயந்திரத்தை யார் வாங்குவது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு புதுக்கோட்டை அச்சகக்காரரிடம் நானும் இதைக் கேட்டேன். “எதுக்கு சார் வாங்கணும்? கோப்பை இங்கிருந்து அனுப்பிடுவேன். பிளேட் பஸ்ஸுல வந்துடும்” என்றார்.

தமிழுக்கு வந்த தடை

ஒரு கோப்பு கைபடாமல் ஓட வேண்டுமானால் எல்லாக் கணினிகளும் ஒரே மொழி பேச வேண்டும். தமிழில் நெடுங்காலம் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைப் பின்பற்றியது. ஒன்றில் ‘க’வாக இருக்கும் எண் இன்னொன்றில் வேறோர் எழுத்தாக இருக்கும். அதனால் கட்டுரையை மறுபடியும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவில் வேலை செய்து பழகிய அச்சகங்கள் இன்றும் உண்டு. அங்கே யூனிகோடில் வந்ததை முதலில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த மாற்றத்தில்தான் நான் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டேன். எங்கள் இயற்பியல் கண்காட்சிக்காக ஒரு சிறு கையேட்டை 500 பிரதி அச்சிடக் கொடுத்தோம். எலெக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்று எழுதியிருந்தேன். எழுத்துரு மாறியபோது மேலே ஏறியிருந்த அடுக்குக்குறி கீழே இறங்கி, 10-19 என்றாகிவிட்டது. பத்திலிருந்து பத்தொன்பதைக் கழிப்பதைப் போல! மெய்ப்புத் தாளில் அது அப்படியே இருந்தது. ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். முதல் அரைப் பக்கத்துக்கு மேல் நான் படிக்கவில்லை.

பிளேட் துல்லியமாக எழுதப்பட்டது. மை அளவாக விழுந்தது. 500 பிரதிகளும் அழகாக வந்தன; 500லும் பிழை. பன்னிரண்டு மாணவர்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினார்கள். கணக்குப் பாருங்கள்: ஒருவரே செய்திருந்தால் 48 மணி நேர வேலை!

அன்று எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு பெரியவர். 1990களில், நான் பள்ளியில் படித்தபோது, எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு அச்சுக் கோத்தவர் அவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே சரளமாகப் படிப்பார். என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, இந்த இடத்துல ஒற்று வரணுமே, விட்டுட்டியா?” என்று கேட்டார். அவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். டி.டி.பி. வந்த பிறகு அந்த அச்சகத்தில் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் கணக்கு எழுதினார்.

கைகள் மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் பிழை புகலாம். எனவே கைகளைக் குறைத்தால் பிழை குறையும். தானியங்கி முறையின் வாதம் இது, சரியான வாதமும்கூட. ஆனால் அந்தக் கைகளுக்குப் பின்னால் கண்களும் இருந்தன. அவை பிழையைப் பிடிக்கவும் செய்தன. கோப்பில் எழுத்துரு சேர்ந்திருக்கிறதா, படம் தெளிவாக இருக்கிறதா என்று இன்றைய மென்பொருள் சோதித்துச் சொல்லும். எலெக்ட்ரானின் மின்னூட்டம் எவ்வளவு என்று அது கவலைப்படாது. ஆகவே, இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பகுதியை மெய்ப்புப் பார்ப்பதற்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காவிட்டால் மிச்சமானது மிச்சமே அன்று. நான் இப்போது மெய்ப்பை ஒரு முறை நேராகவும், ஒரு முறை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கியும் படிக்கிறேன்.

நீங்கள் செய்து பாருங்கள்

1. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நாட்காட்டிப் படத்தைப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை ஓரிடத்தில் விலகியிருந்தால் அங்கே பிளேட்டுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

2. பிளேட்டே இல்லாத டிஜிட்டல் அச்சு முறையும் உண்டு. அதற்கு ஆயத்தச் செலவு 300 ரூபாய், பிரதிக்கு 8 ரூபாய் என்று கொள்வோம். ஆப்செட்டுக்கு ஆயத்தச் செலவு 3,000 ரூபாய், பிரதிக்கு 2 ரூபாய். எத்தனை பிரதியில் இரண்டின் செலவும் சமமாகும்? (விடை: 450.) உங்கள் பள்ளி மலருக்கு 300 பிரதி போதுமானால் எந்த முறையைத் தேர்வீர்கள்?

தேர்ந்தெடுத்த பின், மெய்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுமுன் கடைசி வரிவரை படித்துவிடுங்கள்!