ஓடும்போதே கார் ஆஃப் ஆகிறதா? பதறாமல் செய்ய வேண்டியதும், மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியதும்

மாலை 7 மணி. ஓ.எம்.ஆரில் ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் நேரம். 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்த கார், சத்தமே இல்லாமல் ஆஃப் ஆகிறது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், “நல்லாத்தானே ஓடுது சார்!” என்கிறார்கள்.

இந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியென்றால் ‘இனிமேல் நிற்காது’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அது மேம்பாலத்தின் நடுவில் நிற்கலாம்.

அந்த நொடியில் என்ன செய்வது?

இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கனமாகிவிடும். ஆனால் திருப்ப முடியும். இரண்டு கைகளாலும் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக்கும் வேலை செய்யும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு அழுத்தலுக்குத்தான் உதவும் என்பதால், விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள்.

* உடனே ஹசார்ட் லைட்டைப் போடுங்கள்.
* வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.
* கார் உருளும்போது சாவியை முழுவதுமாக ஆஃப் பக்கம் திருப்பி எடுக்காதீர்கள். ஸ்டியரிங் லாக் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.
* மேனுவல் காரில் கிளட்ச்சை மிதித்தும், ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலுக்கு மாற்றியும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.
* ஸ்டார்ட் ஆகாவிட்டால் எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். வார்னிங் முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவி எண் 1033.

ஏன் நிற்கிறது?

இன்ஜின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி. டீசலில் தீப்பொறிக்குப் பதில் அழுத்தத்தின் சூடு. இதில் எது தடைபட்டாலும் இன்ஜின் நிற்கும். எது தடைபட்டது என்பதை, கார் *எப்படி* நின்றது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும்.

திடீரென நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால்: முதல் சந்தேகம் கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் மீது. இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று இ.சி.யூ.வுக்குச் சொல்வது இதுதான். சூட்டில் இதன் சிக்னல் அறுந்தால் தீப்பொறி, பெட்ரோல் இரண்டும் ஒரே நேரத்தில் கட். ஆறியதும் சரியாகிவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் கோளாறு தெரிவதில்லை.

திணறி, இழுவை குறைந்து நின்றால்: ஃபியூயல் பம்ப் அல்லது ஃபில்டர் அடைப்பு. மேடு ஏறும்போது, ஓவர்டேக் செய்யும்போது அதிகம் தெரியும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்கள் கவனிக்க: டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே அந்த எரிபொருள்தான்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆனால்: த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கலாம், அல்லது வேக்குவம் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம். முதலாவதற்குப் பல நேரம் கிளீனிங்கே போதும். ஆனால், ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காரில் இன்ஜின் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆவது கோளாறே இல்லை.

பேட்டரி லைட் எரிந்து, ஹெட்லைட் மங்கி நின்றால்: ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, அல்லது பேட்டரி டெர்மினல் லூஸ். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12-க்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜிங்கில்தான் பிரச்சினை.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு நின்றால்: மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள்.

மழைநீரில் நின்றால்: சாவியைத் தொடவே கூடாது! சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் இல்லாத பாலிசிகளில் இந்தச் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான் விழும்.

பர்ஸைக் காப்பாற்றும் வழி

“பம்ப்பை மாத்திப் பாப்போம், சரியாகலைன்னா காயிலை மாத்துவோம்” என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0087 என்றால் ஃபியூயல் பிரஷர் குறைவு, பி0300 என்றால் மிஸ்ஃபயர். போனில் ப்ளூடூத் மூலம் இணையும் ஓ.பி.டி. ஸ்கேனரில் நீங்களே இதைப் படிக்கலாம். படித்ததும் அழித்துவிடாதீர்கள், மெக்கானிக்குக்கு அதுதான் தடயம்.

கோடு வந்துவிட்டது என்பதற்காக அந்த பார்ட்டே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எலி கடித்த வயரும், துருப்பிடித்த கனெக்டரும் அதே கோடைக் காட்டும். வயரிங் பார்த்த பிறகே புது பார்ட்.

அடுத்த முறை கார் நின்றால், ஓரம் கட்டியதும் போனில் ஐந்து விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வேகம், எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எந்த லைட் எரிந்தது, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது. மீட்டரை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். “திடீர்னு நின்னுடுச்சு” என்பதைவிட, “40 நிமிஷம் ஓடின பிறகு நின்னுச்சு, 15 நிமிஷத்துல ஸ்டார்ட் ஆச்சு” என்ற ஒரு வரி, மெக்கானிக்கின் பாதி வேலையை முடித்துவிடும்.

ஒரு முறை நின்றாலும் சரி, காரணம் தெரியும் வரை அந்தக் காரில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாமே!