தூக்கக் கணக்கு வந்து சேரவில்லையா?

சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு அட்டையின் அருமை தெரியும். ஜக்கார்டு அட்டையில் ஓர் ஓட்டை பிசகினால் முந்தானை மயிலின் கழுத்து கோணிவிடும்.

தூக்கத்தில் மூச்சடைப்போருக்குக் காற்றூதும் யந்திரத்திலும் ஓர் அட்டை உண்டு, தபால்தலை அளவுதான். இச்சிகிச்சையை ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்தார். இரவில் மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது, முகமூடி எவ்வளவு கசிந்தது என்ற கணக்கெல்லாம் அட்டையில் ஏறும். தடை மணிக்கு 5-க்குள் இருந்தால் சிகிச்சை பலிக்கிறது. கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டவேண்டும். கணக்கு கைக்கு வராவிட்டால் எதைக் காட்டுவது?

கம்பியில்லாமல் அனுப்பும் வைஃபை அட்டைகளும் உண்டு. தோஷிபா விற்ற பிளாஷ்ஏர் அத்தகையது. அனுப்ப மறுத்தால் யந்திரத்தைத் திட்டவேண்டாம். அட்டையே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையை விட்டு அதனுடன் சேரவேண்டும். அவ்வேளையில் இன்டர்நெட் நின்றுபோகும், பயமில்லை. வீட்டு வைஃபையிலேயே அட்டையைச் சேர்த்திருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கிறதா பாருங்கள்; 5 அதன் காதில் விழாது. யந்திரத்தின் மின்சாரம் நின்றால் அட்டையும் ஊமைதான்.

எதுவும் பலிக்கவில்லையா? யந்திரத்தை நிறுத்தி அட்டையை உருவுங்கள். ஓரத்துத் தாழ்ப்பாளைப் பூட்டிக் கம்ப்யூட்டரில் செருகினால், ஆஸ்கார் என்ற இலவச மென்பொருள் பல யந்திரங்களின் கணக்கைப் படித்துவிடும். ‘பார்மட் செய்யட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் சம்மதிக்காதீர்கள், அத்தனையும் அழிந்துவிடும். திரும்பச் செருகுமுன் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றிரவுக் கணக்கு ஏறாது.