கிரேக்க ஆசிரியர் கண்ட மலர்கள்

தோட்டக்கலையில் ஈடுபாடு உடையவர்கள் கிரிசாந்திமம், ஜெரேனியம், டெல்பினியம் என்னும் பெயர்களை அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இவை யாவும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தவை. பொன்மலர் என்பது முதற்பெயரின் பொருள். கொக்கின் அலகைப் போன்ற காயினால் வந்தது இரண்டாவது. மூன்றாவதன் அரும்பிலே டால்பினின் வடிவைக் கண்டனர். ஆனால், பெயரை நம்பிப் பிறந்த ஊரை முடிவு செய்தல் ஆகாது. நாம் கிரிசாந்திமம் என்று வளர்க்கும் தோட்டச் சாமந்தி சீன நாட்டுச் செல்வம். தொட்டிகளில் ஜெரேனியம் என வளர்ப்பதோ தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா சென்ற செடி. 1789-இல் பிரெஞ்சு அறிஞர் லெரிட்டியே அதனைப் பிரித்து, நாரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெலர்கோனியம் என்றார். செடி விற்போர் இன்னும் அவர் சொல்லைக் கேட்டபாடில்லை!

ஆதலின், கிரேக்கர் நமக்கு அளித்த கொடை பெயர்களன்று, பார்க்கும் முறையே என்பேன். கி.மு. 371-ஐ ஒட்டி லெஸ்பாஸ் தீவிலே பிறந்த தியோபிராஸ்டஸ், அரிஸ்டாட்டிலின் மாணாக்கர். அவருக்குப் பின் ஏதென்ஸ் நகரத்துக் கல்விக் கழகத்திற்குத் தலைமை பூண்டவர். செடிகளைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலில் ஒன்பது பகுதிகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆறாம் பகுதியில் மாலைக்குரிய மலர்கள் வருகின்றன.

ரோஜாவைப் பற்றிய செய்தியைப் பாருங்கள். இதழ்களை எண்ணியே தொடங்குகிறார். பெரும்பாலானவற்றுக்கு ஐந்து, சிலவற்றுக்குப் பன்னிரண்டு, இருபது, நூறு இதழ் உடையனவும் உண்டாம். அவை பிலிப்பி நகரைச் சூழ மிகுதி. அவ்வூரார் பாங்கேயஸ் மலையிலிருந்து கொணர்ந்து நடுகின்றனர். விதையிலிருந்து மெல்லவே வளர்வதால் தண்டை நறுக்கி நடுவர். செடியை வெட்டிவிட்டால் பூ சிறக்கும். நம் தோட்டக்காரரும் இன்று செய்வது வேறொன்றுமில்லை.

பியோனி என்னும் மலர்ச்செடியை இரவில்தான் தோண்ட வேண்டும், பகலில் மரங்கொத்தி பார்த்துவிட்டால் கண் போய்விடும் என்று வேர் தோண்டுவோர் அஞ்சினர். அதனையும் அவர் எழுதுகிறார். பொருந்தாக் கூற்று என்று ஒதுக்குகிறார். ஆனால், உடலை வீங்கச் செய்யும் ஒரு செடியை, எண்ணெய் பூசிக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்றே வெட்ட வேண்டும் என்று அதே மக்கள் கூறியதை அவர் தள்ளவில்லை. அச்செடியின் தீங்கு மெய்யானது அல்லவா? எல்லாவற்றையும் நம்புதல் எளிது. எல்லாவற்றையும் நகைத்துத் தள்ளுதலும் எளிது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்க மாணவரைப் பழக்குவது எத்துணை அரிது என்பதை ஆசிரியத் தொழில் புரிந்த நான் நன்கு அறிவேன்.

எகிப்து நாட்டு நீர்நிலைகளில் விளையும் 'அவரை' ஒன்றையும் அவர் வருணிக்கிறார். தொப்பி போன்ற அகன்ற இலை. ரோஜா நிறமான பெரிய மலர். குளவிக்கூடு போன்ற தலையில் அறைக்கு ஒன்றாக முப்பது வரை விதைகள். விதை மிதந்துவிடாமல் சேற்றில் தங்கும் பொருட்டு, வைக்கோலோடு கலந்து ஊன்றுவார்களாம். நேயர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். அது நம் குளத்துத் தாமரையே.