நாற்றழுகல் நோயும் மட்கிய எருவும்

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் நாற்றங்காலில் உழவருக்குப் பேரிழப்பைத் தருவது நாற்றழுகல் நோயாகும். விதை முளைக்குமுன் மண்ணுக்குள்ளேயே அழுகுவதுண்டு; முளைத்த நாற்றின் தண்டு தரைமட்டத்தில் நீர்கோத்து மெலிந்து, நாற்று சாய்வதும் உண்டு. பித்தியம், ரைசாக்டோனியா ஆகிய மண்வாழ் நோய்க்காரணிகள் இதற்கு முதன்மையானவை. வடிகால் குறைந்த, நெருக்கமாக விதைத்த பாத்திகளில் இந்நோய் விரைந்து பரவும்.

இதற்குத் தீர்வாகக் 'கரிமக் கழிவுகளை மண்ணில் இடுக' என்று பொதுப்படக் கூறுவது போதாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எக்கழிவு என்பதோடு, அது எந்நிலையில் இடப்படுகிறது என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது.

பித்தியம் எளிய சர்க்கரைகளை நம்பி விரைந்து வளர்வது. பிற நுண்ணுயிர்களின் போட்டியைத் தாங்காதது. பச்சைச் சாணத்தையோ பசுந்தழையையோ இட்டு உடனே விதைத்தால், அச்சர்க்கரைகள் அதற்கே உணவாகி நோய் மிகக்கூடும். நன்கு மட்கிய எருவிலோ எளிய சர்க்கரைகள் தீர்ந்து, பலவகை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். அவற்றின் போட்டியில் பித்தியத்தின் வித்துகள் முளைக்க இயலாமல் அடங்கிக் கிடக்கும்.

ரைசாக்டோனியா அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அதனை ஒடுக்க டிரைக்கோடெர்மா போன்ற குறிப்பிட்ட எதிருயிரி தேவை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹாய்டிங்க் குழுவினர் மரப்பட்டை எருவைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தின. மட்காத பட்டையில் டிரைக்கோடெர்மா வளர்ந்தும் ரைசாக்டோனியாவைத் தாக்கவில்லை. முதிர்ந்த எருவில் தாக்கியது. எனவே எதிருயிரியைச் சேர்ப்பது மட்டும் போதாது. சேர்க்கும் காலமும் கருதத்தக்கது. குவியலின் உள்வெப்பம் 60 பாகை செல்சியசை எட்டும்போது நோய்க்காரணிகளுடன் நன்மை செய்யும் உயிர்களும் மடிவதால், குவியல் ஆறிய பின்னரே டிரைக்கோடெர்மாவைக் கலக்க வேண்டும்.

தமிழகக் குழித்தட்டு நாற்றங்கால்களில் பெரிதும் பயன்படும் தென்னைநார்க் கழிவுக்கும் இது பொருந்தும். 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவுடன் சிப்பிக்காளான் வித்தையும் இட்டு மட்கச் செய்யும் முறை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாகும். வேப்பம் புண்ணாக்கின் செயல் சற்று வேறு. அதிலுள்ள வேதிப்பொருள்களும் பூஞ்சையைத் தடுக்கவல்லவை.

உழவர் வழக்கில் சாணம், குப்பை, மக்கிய எரு என்பன தனித்தனிச் சொற்கள். இவையனைத்தையும் 'கரிமக் கழிவு' என ஒரே தொடரில் அடக்கும் நம் ஆய்வுநடை, நோயியலுக்கு இன்றியமையாத வேறுபாட்டை இழந்துவிடுகிறது. மட்கும் நிலையை அறிய எளிய வழியும் உண்டு: குவியலைக் கிளறி நீர் தெளித்தபின் அது மீண்டும் சூடேறுமாயின், அவ்வெரு விதைப்பாத்திக்கு இன்னும் உரியதன்று.