மூன்றாவது சக்கரம்: உங்களுக்குத் தெரியுமா?

செவ்வாய்க்கிழமை தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் சந்தைப் பக்கம் போனால், தேங்காய் மூட்டை ஏற்றிய எக்ஸ்.எல். மொபெட்களுக்கும் பைக்குகளுக்கும் நடுவே, பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்களையும் பார்க்கலாம். போலியோவால் கால் சூம்பியவர், விபத்தில் காலை இழந்தவர், பைக்கைத் தாங்கிப் பிடிக்கக் காலில் வலு இல்லாதவர் எனப் பலருக்கும் அதுதான் வண்டி. இரண்டு சக்கரத்திலிருந்து மூன்றுக்கு மாறுவது பற்றிச் சில தகவல்கள்.

எண்ணிப் பார்த்தால் நான்கு

‘மூணு சக்கர ஸ்கூட்டர்’ என்று நாம் சொல்லும் சைடு வீல் வண்டிக்கு உண்மையில் நான்கு சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் கம்பெனி கொடுத்த சக்கரம், அதன் இரு பக்கமும் கூடுதலாக ஒவ்வொன்று. வண்டியின் அடியில் ஒரு இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கி, அதில் அச்சையும் ஷாக் அப்சார்பரையும் பொருத்துகிறார்கள். இன்ஜின் சுழற்றுவது நடுச் சக்கரத்தை மட்டும்தான். சைடு வீல்கள் வண்டியைத் தாங்குமே தவிர, தள்ளாது.

நம் ஊர் ஆட்டோவும் ஸ்கூட்டர்தான்

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த கொராதினோ தாஸ்கானியோதான் 1948-ல் அதே ஸ்கூட்டரின் பின்புறத்தில் இரண்டு சக்கரமும் சரக்குப் பெட்டியும் வைத்து ‘ஆப்பே’ வண்டியை உருவாக்கினார். இந்தியாவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் தயாரிக்க பஜாஜ் நிறுவனம் 1959-ல் உரிமம் பெற்றது. ஆட்டோவுக்கு ஸ்டியரிங் வட்டமாக இல்லாமல் ஹேண்டில்பார் இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஓசூரில் இரண்டும் உண்டு

காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த ஊர். இரண்டு சக்கரத்தில் பேர் வாங்கிய அதே டி.வி.எஸ். நிறுவனம், 2008-ல் ‘டி.வி.எஸ். கிங்’ ஆட்டோவோடு மூன்று சக்கரத்திலும் இறங்கியது.

1973-ல் ஒரு சக்கரம் கூடியது

மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவுக்கு இரண்டு சக்கரம். கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1973-ல் தமிழ்நாட்டில் அது ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தது.

முதல் காருக்கே மூன்றுதான்

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் வாங்கியது மருந்துக் கடையில்!

நடக்க முடியாதவர் செய்த வண்டி

பென்ஸின் வண்டிக்கும் இருநூறு ஆண்டுக்கு மேல் முன்னால், 1655-ல், ஜெர்மனியின் நியூரம்பெர்க் பக்கத்தில் ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக் கைவினைஞர் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகவே செய்துகொண்டார். அவரால் நடக்க முடியாது. தானே ஓட்டிப்போகும் சக்கர நாற்காலிகளின் வரலாறு அவரிடம்தான் தொடங்குகிறது.

புல்லட்டில் ஏர் பூட்டியவர்

குஜராத் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, 1990-களில் என்ஃபீல்டு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரமும் உழவுக் கருவியும் மாட்டினார். மாடு வாங்கவும் டிராக்டர் வாங்கவும் வசதியில்லாத சிறு விவசாயிக்கு அதுவே ஏர். ‘புல்லட் சாந்தி’ என்ற அந்தக் கருவிக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. அதே குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியோடு சரக்குப் பெட்டியைச் சேர்த்த ‘சக்கடா’ வண்டியும் பிரபலம்.

கை மறக்க வேண்டிய பாடம்

இனி ஓட்டுவதைப் பற்றி. பைக் ஓட்டத் தெரிந்தவருக்கு மூன்று சக்கரம் எளிது என்று நினைப்போம். தெரிந்ததுதான் முதலில் குறுக்கே நிற்கும்.

வேகமாகப் போகும் பைக்கை இடப்பக்கம் திருப்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே திரும்புகிறது. யாரும் யோசித்துச் செய்வதில்லை; பழகிய கை தானாகச் செய்கிறது. சாதாரண மூன்று சக்கரம் சாயாது. அதில் இடது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும், வண்டியும் வலப்பக்கமே போகும். அதாவது, எதிரே லாரி வரும் பக்கம். இருபது வருஷம் பைக் ஓட்டியவரும், எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவரும், ஆளில்லாத மைதானத்தில் சில நாள் மெதுவாகப் பழகிவிட்டுச் சாலைக்கு வருவதுதான் நல்லது.

பிரேக் வளைவுக்கு முன்னால்

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்றால் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். அகலமெல்லாம் பின்னால்; முன்பக்கம் கூர். வளைவில் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னே பாய்ந்து, முக்கோணம் குறுகலாக இருக்கும் இடத்துக்குப் போகும். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்குவது அப்போதுதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தபடி திரும்புங்கள். மூட்டை ஏற்றினால் தாழ்வாகவும், பின்சக்கரங்களுக்கு இடையிலும் இருக்கட்டும். தலைக்கு மேல் அடுக்கிய சுமை வண்டியைக் கவிழ்த்துவிடும்.

காலை ஊன்றாதீர்கள்

பைக் நின்றதும் கால் தரைக்குப் போவது பழக்கம். மூன்று சக்கரத்தில் அது ஆபத்து. பின்சக்கரம் காலுக்கு நேர் பின்னால் வருகிறது. வண்டி நகர்ந்தால் உங்கள் சக்கரமே உங்கள் பாதத்தில் ஏறும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு குழிக்கு மூன்று வாய்ப்பு

பைக்குக்குச் சாலையில் ஒரே தடம். குழியைப் பார்த்தால் ஒதுக்கிவிடலாம். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம்: முன்சக்கரம் தப்பித்த குழியில் பின்சக்கரம் விழும். சைடு வீல் ஸ்கூட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் ஏறி, நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கினால், இன்ஜின் உறுமும், வண்டி நகராது. நடு டயரின் காற்றையும், ஷாக் அப்சார்பர் சரியாக அமுங்குகிறதா என்பதையும் அடிக்கடி பாருங்கள்.

ரிவர்ஸ் கிடையாது

சாதாரண ஸ்கூட்டரைக் காலால் உந்திப் பின்னால் தள்ளலாம். கால் வலு இல்லாதவர் என்ன செய்வார்? அதனால்தான் அனுபவசாலிகள் கடை முன்னே வண்டியை நிறுத்தும்போதே, நேராக எடுத்துப் போகிற மாதிரி முகத்தைத் திருப்பி நிறுத்துகிறார்கள். அவர்கள் வண்டிக்கு முன்னால் உங்கள் பைக்கைக் குறுக்கே போடாதீர்கள்.

சைடு கார் மாட்டினாலும் பைக்தான்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, கழற்றி மாட்டக்கூடிய சைடு காரும் அதற்கொரு கூடுதல் சக்கரமும் உள்ள பைக், சட்டத்தின் கண்ணில் ‘மோட்டார் சைக்கிள்’தான்.

மற்ற மாற்றங்களுக்கு அபராதம்

மெக்கானிக் தெரிந்தவர் என்பதற்காக நினைத்தபடி பைக்கை வெட்டி ஒட்ட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மாற்றுத்திறனாளிக்குச் சட்டம் திறந்த வழி

அதே 2019 திருத்தம், மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டியைத் தனி வகையாகவே வைத்தது. முதலில் வண்டியை மாற்றிவிட்டு, பிறகு பதிவு அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறலாம். மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி. புக்கில் பதிய வேண்டும். ஒரு நிபந்தனை: வண்டி அந்த மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கு மட்டும்தான்.

பழைய லைசென்ஸ் போதாது

விபத்துக்கு முன் வாங்கிய பைக் லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று சைடு வீல் வண்டியை எடுத்துவிடாதீர்கள். மாற்றி அமைத்த வாகனம் என்பது லைசென்ஸில் தனிப் பிரிவு. ‘உங்களுக்குத்தான் உடல் குறை இருக்கிறதே’ என்று யாரும் ஒரேயடியாக மறுத்துவிடவும் முடியாது. அந்த வகை வண்டியை ஓட்டத் தகுதி இருந்தால், அதற்கு மட்டுமான எல்.எல்.ஆர். கொடுக்கலாம் என்கிறது சட்டம். காரிமங்கலத்துக்காரர்களின் நம்பர் பிளேட் டி.என். 29, அலுவலகம் தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே. மற்ற எல்லோரையும் போல பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அரசே தரும் ஸ்கூட்டர்

இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசு விலையில்லாமல் தருகிறது. அணுக வேண்டிய இடம், தருமபுரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

பிரிட்டனிலும் ஒரு இலவசம்

பிரிட்டனில் பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், நடக்க முடியாத தன் உறவினரின் சக்கர நாற்காலியில் மோட்டார் பொருத்திப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘இன்வாகார்’ என்ற ஒருவர் மட்டுமே உட்காரும் மூன்று சக்கர வண்டி. அரசே பல்லாண்டு இலவசமாகக் கொடுத்தது. பாதுகாப்புப் போதாது என்று 2003-ல் சாலையிலிருந்து விலக்கப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யின் இணைப்பு

சக்கர நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறி உட்காருவதே பலருக்குப் பெரும்பாடு. நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரத்தை மாட்டி, நாற்காலியையே மூன்று சக்கர வண்டியாக்கிவிடும் ‘நியோபோல்ட்’ கருவியை, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழுவும் நியோமோஷன் நிறுவனமும் 2021-ல் அறிமுகப்படுத்தின. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. இதில் போய் வீடுவீடாக உணவு விநியோகம் செய்து சம்பாதிப்பவர்களும் உண்டு.

சாயும் மூன்று சக்கரம்

முன்னால் இரண்டு சக்கரம் வைத்து, பைக்கைப் போலவே வளைவில் சாயும் ‘எம்.பி.3’ ஸ்கூட்டரை பியாஜியோ 2006-ல் விற்பனைக்கு விட்டது. 2018-ல் யமஹாவின் ‘நைக்கன்’ பைக் வந்தது. இவற்றில் பைக் ஓட்டிய கை புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. 2024-ல் ஹீரோ காட்டிய ‘சர்ஜ் எஸ்32’ இன்னும் ஒரு படி மேலே: சரக்கு ஆட்டோவின் உள்ளிருந்து ஸ்கூட்டரைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம். மூன்றே நிமிஷ வேலை என்கிறது நிறுவனம்.

ஹார்லிக்கும் உண்டு

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 1932 முதல் 1973 வரை ‘சர்விகார்’ என்ற மூன்று சக்கர பைக்கைத் தயாரித்தது. முதலில் பட்டறைக்காரர்கள் வாடிக்கையாளரின் காரை எடுத்துவரப் பயன்படுத்தினார்கள், பிறகு போலீஸ்காரர்கள். இன்று அதே நிறுவனத்தின் ‘ட்ரை கிளைடு’ வண்டியை, கனமான பைக்கைத் தாங்க முடியாத வயதிலும் ஓட்டும் ஆசை விடாதவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதில் ரிவர்ஸும் உண்டு.

இன்ஷூரன்ஸில் கேளுங்கள்

மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டி என்று ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதியைக் குறைக்க இந்திய மோட்டார் டாரிஃபில் இடமுண்டு. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும். சைடு வீலை மாட்டிவிட்டு ஆர்.சி.யில் பதியாமல் விட்டால், சலுகை போவது மட்டுமல்ல, விபத்து இழப்பீடு கேட்கும்போதும் வம்புதான்.

தேசிய நெடுஞ்சாலையில் ஒரு விதி

காரிமங்கலத்தை ஒட்டிப் போவது ஸ்ரீநகர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை 44. இதன் சுங்கச்சாவடிகளில் இரண்டு சக்கர வண்டிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் கட்டணம் இல்லை. ஆனால் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிகள் அதில்தான் போக வேண்டும் என்று கட்டண விதிகளே சொல்கின்றன. மெதுவாகப் போகும் சைடு வீல் ஸ்கூட்டருக்கும் அதுவே பாதுகாப்பு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பைக்கைத் தாங்க முடியாமல் வெளியே போவதையே விட்டுவிட்டவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். மனு எழுதவும், ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை கூடப் போகவும் ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வண்டி கைக்கு வந்த பிறகு வரிசை இதுதான்: முதலில் மைதானம், அடுத்து ஆர்.சி.யும் லைசென்ஸும், கடைசியில் சாலை. எத்தனை சக்கரம் ஆனாலும் தலையில் ஹெல்மெட் இருக்கட்டும்.